எடுத்த காணி, கட்டுப்படுத்திய காணி, பூட்டிய காணி
நட்டஈடு எப்போது உண்டு, எப்போது இல்லை?

"அரசாங்கம் எங்கள் காணியை எடுத்தால் காசு தரத்தானே வேண்டும்?" மீள்குடியேறிய கிராமங்களிலும், இன்னும் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாத குடும்பங்களின் மத்தியிலும் அடிக்கடி எழும் கேள்வி இது. இதற்கு "ஆம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. காணிக்கு என்ன நடந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

ஒரு விவசாயியின் காணிக்கு மூன்று விதமான காரியங்கள் நடக்கலாம். அரசாங்கம் அதைத் தன் உடைமையாக எடுத்துக்கொள்ளலாம், இது சுவீகரிப்பு. உரிமையை உங்களிடமே விட்டுவிட்டு, அக்காணியில் இன்னதைச் செய்யலாம், இன்னதைச் செய்யக்கூடாது என்று விதிக்கலாம்; இது கட்டுப்பாடு. இவை இரண்டும் இல்லாமல், எடுத்ததாகவும் சொல்லாமல், உங்களை உள்ளே விடாமல் காணியைப் பூட்டி வைத்திருக்கலாம். மூன்றிலும் விவசாயி படும் நட்டம் ஒன்றுபோலவே தோன்றும். சட்டத்தின் கண்ணில் இவை மூன்றும் வேறு வேறு. முதலாவதற்கு நட்டஈடு உண்டு. மற்ற இரண்டிற்கும் பெரும்பாலும் இல்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்வோம். எங்கள் நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலே ஆதனத்தை வைத்திருக்கும் உரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்க்கப்படவில்லை. ஆகவே காணி உரிமையின் பாதுகாப்பைத் தனித்தனிச் சட்டங்களிலேதான் தேடவேண்டியிருக்கிறது. அச்சட்டங்கள் தம் ஊரிலே, தம் காணியிலே இருக்கும் மனிதனை நினைத்து எழுதப்பட்டவை. இடம்பெயர்ந்தவனுக்கு ஆபத்து வருவது இங்கேதான்.

1. எடுத்த காணி

தனியார் காணியை அரசாங்கம் பொதுத் தேவைக்காக எடுப்பது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படியாகும். அதன் படிகள் வருமாறு:

முதற்படி, 2ஆம் பிரிவு அறிவித்தல். இந்தப் பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்று அமைச்சர் தீர்மானித்ததும், மூன்று மொழிகளிலும் அறிவித்தல் அப்பகுதியிலே ஒட்டப்படும். அதன்பின் உத்தியோகத்தர்கள் உள்ளே வந்து அளந்து பார்க்கலாம். 

இரண்டாம் படி, 4ஆம் பிரிவு அறிவித்தல். இந்தக் காணியையே எடுக்க எண்ணியிருக்கிறோம் என்று உரிமையாளருக்கு அறிவிக்கப்படும். ஆட்சேபனையை எழுத்தில் அனுப்ப, குறைந்தது 14 நாட்கள் தரப்பட வேண்டும். 

மூன்றாம் படி, 5ஆம் பிரிவு வெளிப்படுத்துகை. காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்ற அமைச்சரின் முடிவு வர்த்தமானியில் வெளிவரும். 

நான்காம் படி, 7ஆம் பிரிவு அறிவித்தல். இக்காணியில் உரித்துள்ளவர்கள் இன்ன நாளில் விசாரணைக்கு வரவேண்டும் என்று அழைக்கப்படுவர். விசாரணை நாளுக்குக் குறைந்தது 7 நாட்கள் முன்னதாகக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும். 

ஐந்தாம் படி, 9ஆம் பிரிவின்படி விசாரணையும், 17ஆம் பிரிவின்படி நட்டஈட்டுத் தீர்மானமும். தொகை போதாது என்று கருதினால் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். 

அவசரம் என்று காரணம் காட்டினால், 38ஆம் பிரிவின் காப்பு வாசகத்தின் கீழ், இப்படிகள் முடியும் முன்னரே காணியைப் பொறுப்பேற்கவும் இடமுண்டு.

நட்டஈட்டின் அடிப்படை சந்தைப் பெறுமதி. விற்க விரும்பும் ஒருவர் திறந்த சந்தையில் விற்றால் என்ன விலை கிடைக்குமோ அதுவே பெறுமதி. 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவந்த நாளின் விலையே கணக்கிடப்படும். காணி இரண்டாகப் பிளக்கப்படுவதால் மிச்சக் காணிக்கு வரும் நட்டத்தையும், குடியிருப்பை மாற்றும் செலவையும் கோரலாம். கிணறு, பனை, தென்னை, மாமரம், வேலி, மதில் என்று எல்லாவற்றையும் எண்ணிக் கோரிக்கையில் எழுத வேண்டும். கேட்காததை யாரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

இனி, இடம்பெயர்ந்த குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். அறிவித்தல் ஒட்டப்படுவது காணியிலே. காணிக்குப் போக வழியில்லாதவன் அதை எப்படி வாசிப்பான்? 14 நாள் ஆட்சேபனைக் காலம் அவன் அறியாமலே கழிந்துவிடும். பல ஆண்டுகள் மனித நடமாட்டமின்றிக் கிடந்த ஊரிலே "சந்தை விலை" என்ன என்று மதிப்பிட்டால் தொகையும் குறைவாகத்தான் வரும்.

உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதும் பெரிய சிக்கல். ஓர் உதாரணம் சொல்கிறேன். பாட்டியின் பெயரில் 16 பரப்புக் காணி, அதாவது ஓர் ஏக்கர். பிள்ளைகள் நால்வர். ஒருவர் இறந்துவிட்டார், இருவர் வெளிநாட்டில், ஒருவர் மட்டும் இங்கே. காணி பிரிக்கப்படவில்லை. 7ஆம் பிரிவு அறிவித்தல் வரும்போது ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்குக் கோரிக்கை வைக்க வேண்டும். பங்குபற்றித் தகராறு எழுந்தால் விடயம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். பணமும் அங்கேயே தங்கிவிடலாம். யாழ்ப்பாணத்தில் தேசவழமையின்படி சீதனமாக வந்த காணி மனைவியின் சொந்தம். கணவன் கோரிக்கைப் பத்திரத்தில் தன் பெயரை மட்டும் எழுதுவது சரியல்ல. கணவரை இழந்த பெண்கள் இதில் மிகக் கவனமாயிருக்க வேண்டும்.

2. பணத்தை வாங்குவதா, விடுவதா?

இக்கேள்வி பல குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. வாங்குவதே நல்லது என்றோ வாங்கக்கூடாது என்றோ எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் கையெழுத்து வைப்பதற்கு முன் ஒரு சட்ட ஏற்பாட்டை அறிந்திருக்க வேண்டும்.

சுவீகரிப்புச் சட்டத்தின் 39அ பிரிவு 1979இல் சேர்க்கப்பட்டது. எடுத்த காணியை உரியவருக்கே திருப்பிக் கொடுக்க அது அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. அதற்கு நான்கு நிபந்தனைகள் உள்ளன: நட்டஈடு கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது, காணி பொதுத் தேவைக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கக் கூடாது, அதில் அபிவிருத்தி வேலைகள் செய்யப்பட்டிருக்கக் கூடாது, உரித்துள்ளவர்கள் திரும்பப் பெற எழுத்தில் சம்மதிக்க வேண்டும். முதலாவது நிபந்தனையைக் கவனியுங்கள். பணத்தை வாங்கிவிட்டால், காணி வெறுமையாகக் கிடந்தாலும், இந்த வழியாகத் திரும்பப் பெறும் கதவு மூடப்பட்டுவிடும். 

அமைச்சர் விரும்பினால் தருவார், விரும்பாவிட்டால் இல்லை என்றும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1993இல் டி சில்வா எதிர் அத்துகோரள வழக்கிலே, பொதுத் தேவைக்குப் பயன்படாத காணியைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் நியாயமான முறையில் பயன்படுத்தப்பட வேண்டியது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2000ஆம் ஆண்டில் மனல் பெர்னாண்டோ வழக்கிலே, எந்தப் பொதுத் தேவைக்காகக் காணி எடுக்கப்படுகிறது என்பதை 2ஆம் பிரிவு அறிவித்தலிலேயே சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. "பொதுத் தேவை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. என்ன தேவை என்று கேட்பது உங்கள் உரிமை.

திரும்பிப்போகும் எண்ணமில்லாத குடும்பத்துக்கு நட்டஈடு ஒரு புதுத் தொடக்கமாகலாம். திரும்ப விரும்பும் குடும்பம் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை கேட்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. பங்காளிகள் பலர் உள்ள இடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும்.

3. கட்டுப்படுத்திய காணி

உரிமை உங்களிடமே இருக்கிறது, ஆனால் விரும்பியபடி பயன்படுத்த முடியாது. இதற்கு எங்களுக்குப் பழக்கமான உதாரணம் வயற்காணி. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியில்லாமல் வயலை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ முடியாது. வயலை மேடாக்கி வீட்டுக் காணியாக விற்றால் கூடிய விலை கிடைக்கும். சட்டம் அதைத் தடுப்பதால் உங்களுக்கு நட்டம்தான். அதற்கு நட்டஈடு இல்லை.

இது அநீதியா? அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். ஒருவர் தன் வயலை நிரப்பினால் வாய்க்கால் அடைபட்டு அயலவரின் வயலில் வெள்ளம் நிற்கும். இக்கட்டுப்பாடு எல்லா வயற்காரரையும் ஒரேயளவில் கட்டுகிறது. எல்லோருக்கும் ஒரேயளவு நன்மையையும் தருகிறது. அவரவர் இழப்புக்கு அயலவரின் கட்டுப்பாடே ஈடாகிறது எனலாம்.

ஆனால் எல்லாக் கட்டுப்பாடுகளும் இப்படியல்ல. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005இல் கரையோரத்தில் தடை வலயம் ஒன்று விதிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்ட முடியாது. காணி உரிமை உரியவருக்கே என்று சொல்லப்பட்டது. வீடிழந்தவர்களுக்கு வேறிடத்தில் வீடு வாக்களிக்கப்பட்டது. காணி எடுக்கப்படவில்லையாதலால் காணிக்கு நட்டஈடு என்ற பேச்சே எழவில்லை. கடலை நம்பி வாழ்ந்த குடும்பம் உள்நாட்டிலே வீட்டோடு இருந்தது, தொழிலோ கரையில் இருந்தது. மக்களின் எதிர்ப்பினால் 2005 இறுதியில் இவ்விதி தளர்த்தப்பட்டது. நட்டஈடு தரத் தேவையில்லாத கட்டுப்பாட்டைப் பெரிய அளவில் விதிப்பது எவ்வளவு இலகு என்பதற்கு இது ஒரு பாடம்.

ஐக்கிய அமெரிக்காவிலே இக்கேள்வி நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நீதிமன்றத்துக்கு வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில், மேலேயுள்ள வீடுகள் தாழ்ந்துபோகும்படி நிலக்கரி தோண்டக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. 1922இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், கட்டுப்பாடு அளவுமீறிப் போனால் அதுவும் காணியை எடுத்ததற்குச் சமமே என்று கூறியது. அந்நாட்டு அரசியலமைப்பு, நட்டஈடின்றித் தனியார் ஆதனத்தை எடுப்பதைத் தடுக்கிறது. எங்கள் அரசியலமைப்பில் அப்படியொரு வாசகம் இல்லாததால் அதே வாதத்தை இங்கே அப்படியே வைக்க முடியாது. ஆனாலும் அந்த அளவுகோல் பயனுள்ளது: பொதுநன்மைக்கான சுமையை எல்லோரும் பகிர்கிறோமா, அல்லது ஒரு சிலர் தலையில் மட்டும் ஏற்றுகிறோமா?

வன்னியிலும் மன்னாரிலும் இன்று அதிகம் பேசப்படுவது காட்டெல்லை. மக்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தோட்டங்களும் மேட்டு நிலங்களும் பற்றைக் காடாயின. திரும்பி வந்தபோது எல்லைக்கல் நாட்டப்பட்டிருந்தது. இங்கே ஒரு சட்ட விடயம் முக்கியம். வனக் கட்டளைச்சட்டத்தின் கீழ் ஒதுக்கக் காடாக அறிவிக்கப்படக் கூடியது அரச காணி மட்டுமே. உங்களுடையது செல்லுபடியான உறுதிக் காணியானால், கல் நாட்டுவதால் மட்டும் உங்கள் உரிமை அழிந்துவிடாது. ஆனால் வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் வரும் சரணாலயத்துக்குள் தனியார் காணியும் அடங்கலாம். அங்கே உரிமை உங்களுடையதாகவே இருக்கும், செய்யக்கூடியவை சுருங்கும். ஆகவே கல்லைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வர்த்தமானியின்படி நாட்டப்பட்டது என்பதே.

4. பூட்டிய காணி

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். அவர்களின் காணி உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. அக்காணி சட்டப்படி எடுக்கப்படவில்லை. ஆகவே சுவீகரிப்புச் சட்டத்தின் நட்டஈட்டு விதிகளும் பொருந்தவில்லை. அவசரகால ஒழுங்குவிதிகள் 2011 ஓகஸ்டில் காலாவதியாயின. 2013 ஏப்பிரலில்தான் ஏறத்தாழ 6,381 ஏக்கருக்கு 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் பெருந்தொகையாக மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2015இலிருந்து காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. முழுவதும் இன்னும் விடுபடவில்லை.

சம்பூரிலும் இதுபோன்ற கதைதான். மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012இல் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென முதலீட்டுச் சபைக்கு ஒதுக்கப்பட்டது. 2015இல் அந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டு மக்கள் திரும்பினர்.

இரண்டு ஊர்களிலும் காணியைத் திரும்பப் பெற்றுத் தந்தவை மக்களின் உறுதிகளும், அவர்கள் ஒன்றுகூடி எடுத்த முயற்சியும், நீதிமன்றத்திலே தொடர்ந்து முன்வைத்த மனுக்களுமாகும். ஆனால் இழந்த போகங்களுக்கும் இடிந்த வீடுகளுக்கும் சுவீகரிப்புச் சட்டத்தில் கணக்கில்லை. சட்டப்படி எடுப்பதைவிடப் பூட்டி வைப்பது மலிவு. அதனாலேயே அது நீண்ட காலம் நீடிக்கிறது.

5. பேமிற் காணிக்காரர் கவனத்துக்கு

1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் காணி அரச காணியே. அதை எடுக்க அரசாங்கம் சுவீகரிப்புச் சட்டத்தின் வழியே போகவேண்டியதில்லை. ஆயினும் அனுமதிப்பத்திரத்தை நினைத்தபடி இரத்துச் செய்ய முடியாது. அறிவித்தல் தரவேண்டும், விசாரணை நடத்த வேண்டும், காணி ஆணையாளரிடம் மேன்முறையிடவும் இடமுண்டு.

அரச காணியிலிருந்து ஒருவரை வெளியேற்ற 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் பயன்படுத்தப்படுகிறது. வெளியேறும்படி 30 நாள் அறிவித்தல் தந்தபின் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது வேறு எழுத்து மூல அதிகாரம் ஒன்றே உங்களைக் காக்கும். "நாற்பது வருடமாக இருக்கிறோம்" என்ற சொல் அங்கே எடுபடாது. அரச காணிக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடுவதில்லை. அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவேட்டிலிருந்து பிரதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

6. மௌனம் சம்மதமாகிவிடும்

2025 மார்ச் 28ஆந் திகதி வெளிவந்த வர்த்தமானி வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டது. காணி நிர்ணயக் கட்டளைச்சட்டத்தின்படி, மூன்று மாதங்களுக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் நிலை இருந்தது. உறுதிகளைப் போரிலே தொலைத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் என்ன செய்வார்கள்? யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது, வர்த்தமானியும் மீளப்பெறப்பட்டது. இம்முறை கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

காலம் இன்னொரு வழியாகவும் காணியைக் கொண்டுபோகும். 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, தனியார் காணியை ஒருவர் உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் அது அவருக்கே சொந்தமாகலாம். போர் காரணமாகத் தம் உரிமையைக் கேட்க முடியாமற் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் அவ்வாறு கேட்க முடியாதிருந்த நாட்களை அந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் 2009இன் பின் கணக்கு மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. இச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோருவதற்கும் காலவரையறை விதிக்கப்பட்டது. உங்கள் காணியில் வேறொருவர் இருந்தால் தாமதியாமல் சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.

7. செய்யவேண்டியவை

அ. உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரி அல்லது ஏக்கர்வரிப் பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையப் பதிவு ஆகியவற்றை ஒரே கோவையில் சேருங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். நொத்தாரிசின் பெயரும் ஆண்டும் நினைவிருந்தால் தேடுவது இலகு.

ஆ. உங்கள் தற்போதைய முகவரியைக் காணி இருக்கும் பிரிவின் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள். 

இ. ஊருக்குள் போய்வரக் கூடிய ஒருவரை, ஒட்டப்படும் அறிவித்தல்களை மாதமொரு முறை பார்த்துவரப் பொறுப்பாக்குங்கள். வர்த்தமானியை வாசிக்கக்கூடிய இளைஞர் ஒருவரும் வேண்டும்.

ஈ. தெரியாததை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டம், எந்த வர்த்தமானி, என்ன தேவை, வரைபடம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 

உ. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

ஊ. உறுதியோ பேமிற்றோ இல்லாதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். 2001இல் அமைச்சரவை ஏற்ற கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை, ஆவணமில்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. அது சட்டமல்ல, கொள்கைதான். ஆயினும் அதை எடுத்துக்காட்டிப் பேசலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எங்கள் கிராமத்தில் எடுத்த காணி எது, கட்டுப்படுத்திய காணி எது, பூட்டிய காணி எது? ஒரு வரைபடம் கீறி மூன்று நிறங்களில் காட்டுங்கள்.

2. எங்களைக் கட்டும் கட்டுப்பாடுகளில் எல்லோரும் சமமாகச் சுமப்பவை எவை? ஒரு சிலர் மட்டும் சுமப்பவை எவை?

3. எங்கள் குடும்பக் காணியின் உறுதி யார் பெயரில் இருக்கிறது? அவர் உயிருடன் இல்லையென்றால் அடுத்ததாக என்ன செய்ய வேண்டும்?

4. நாளை காலை காணியில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டால், அச்செய்தி எத்தனை நாட்களில் எங்களை வந்தடையும்? 14 நாட்களுக்குள் வருமா? வராதென்றால், வருவதற்கு இந்த வாரமே என்ன ஒழுங்கு செய்யலாம்?